எஞ்சின் இல்லாத விமானம்

1944 மார்ச்சில், பல இரவுகள் ஜெர்மனிக்குப் போய்வந்த குண்டுவீச்சு விமானம் ஒன்று, இங்கிலாந்தில் தரையிறங்கும்போது இடது சக்கரம் வெளிவராமல் ஓடுதளத்தில் மோதியது. அதிலிருந்த கனடியர்கள் எவரும் பிழைக்கவில்லை. திருத்தப்பட்ட அந்த விமானம் இப்போது ரொறன்ரோவில் ஒரு காட்சிக்கூடத்தில் நிற்கிறது. எஞ்சின்களை எப்போதோ கழற்றிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த துஷாந்த் இதைப் பார்வையாளர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். மகனின் வேலையைப் பார்க்க வந்திருந்த, ஊரில் போர் நடந்தபோது விமானக் குண்டுவீச்சுக்குப் பதுங்கிப் பழகிய யோகராணி திடீரென்று காதுகளைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுத்தாள்.

“தம்பி, படு! பொம்மர் பதியுது, குண்டு போடப்போறான்!”

“பிளீஸ் அம்மா, எழும்புங்கோ. ஆக்கள் பாக்கினம்.”

கூட்டத்தில் நின்ற தமிழர் ஒருவர் சிரித்தார். “அன்ரி, உது தள்ளினாலும் ஓடாது!”

மேலாளர் வந்து, இந்தப் பெண் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். தெரியாது என்றான் துஷாந்த்.

யோகராணி தலையை நிமிர்த்தி மகனைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அப்போது சிரித்தவரின் தொப்பி பறந்துபோய்ப் பின்சுவரில் ஒட்டிக்கொண்டது. கதவுகள் மூடியிருந்தன.

துஷாந்த் தாய்க்குப் பக்கத்தில் குப்புறப் படுத்தான். கிடந்தபடியே, “இவர் என் அம்மா” என்று மேலாளரிடம் கத்தினான்.

அந்த விமானத்தின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை.