விஷம் வைக்கும் போப்பின் முகம்

"ஜூன் 12. இன்று முகக்கவசம் போட மறந்து வார்டுக்குள் போய்விட்டேன்." மாலை நேர எழுத்துப் பயிற்சி வகுப்பில், நாட்குறிப்பாக இதை எழுதிய ஜெரோமுக்கு, 'மறந்து' என்பது சாக்குப்போக்காகப் பட்டது. 'போட மறந்து' என்பதை அடித்துவிட்டு, 'போடாமல்' என்று எழுதினான்.

செவிலியனான அவன், படிப்புச் செலவுக்காகத் தன் முகத்தை ஒரு வீடியோ கேமுக்கு விற்றிருந்தான். மறுமலர்ச்சிக் கால ரோமில் லஞ்சம் வாங்கி, விருந்தாளிகளுக்கு விஷம் வைக்கும் போப்புக்கு இப்போது அவன் முகம்தான். ஊரே மெய்நிகர் கண்ணாடி மாட்டிக்கொண்டு அந்த அரண்மனையில் தினமும் செத்துப் பிழைக்கிறது.

அன்று காலை வார்டுக்கு நெஞ்சுவலியோடு வந்த ஆட்டோக்காரர் கதிர்வேல், அவன் நீட்டிய மாத்திரையைத் தட்டிவிட்டார். "பாவி! நேத்தும் உன் கையால வாங்கித் தின்னுதானே செத்தேன்?"

"அண்ணே, அது கேமு. இதை நாக்குக்கு அடியில வைங்க."

அவர் பல்லை இறுகக் கடித்துக்கொண்டார். வேறொருவர் ஓடிவருவதற்குள் உயிர் போய்விட்டது.

"உன்மேல தப்பில்ல தம்பி," என்றார் தலைமைச் செவிலியர். "ஆனா இனிமே நோயாளிங்ககிட்ட உன்னை விட முடியாது."

ஜெரோம் கடைசி வரியை எழுதினான்: "நாளை காலை ஆறு மணிக்குப் பிணவறையில் வேலை."