படத்தின் ஓரத்தில் ஒரு கை

"அந்த ஆயாவ வேலைய விட்டுத் தூக்குங்க சார். இல்லன்னா எங்க லைன் வீடுகள்ல இருக்கிற அத்தனை பேரும் வந்து நிப்போம்."

மோனிஷாவின் இடுப்பில் இரண்டு வயதுப் பையன் அழுது ஓய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் மாமியார் சரஸ்வதியம்மாள், மருமகள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு நின்றாள். அந்த வீட்டில் இது அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

சுஜின் அந்த எஸ்டேட் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறைக்கு டெக்னீஷியனாக வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. காலையில் நடந்ததை அவனும் பார்த்தான். நெஞ்சுச் சளிக்குப் படமெடுக்கக் கிடத்தியதும் பையன் வீறிட்டான். பிடித்துக்கொள்ள ஓடிவந்த மோனிஷாவை ஆயா கத்தரீனாள் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். பெற்றவர்களே பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் அவன் படித்த படிப்பு சொல்கிறது. இவளுக்கு என்ன அப்படி ஒரு திமிர்?

"தள்ளினதுகூடப் போகட்டும். இதப் பாருங்க."

மோனிஷா படத்தை நீட்டினாள். பையனின் விலா எலும்புகளுக்கு ஓரத்தில் பெரிய ஆள் ஒருவரின் விரல் எலும்புகள். மோதிர விரலுக்கு நுனி இல்லை.

கத்தரீனாளின் கைதான். ஆஸ்பத்திரிக்கு வருமுன் தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தபோது ரோலரில் போன விரல். பிள்ளையைப் பிடித்திருந்ததால் கையும் படத்தில் விழுந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று சுஜின் விளக்கினான்.

"அப்ப இது?"

பையிலிருந்து இன்னொரு படம் வந்தது. ஓரமெல்லாம் பழுத்துப்போன படம். மோனிஷாவுக்கே இரண்டு வயதாக இருந்தபோது எடுத்தது. அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாளாம்; வீட்டுக்குப் போய் எடுத்து வந்திருக்கிறாள். அதிலும் அதே கை, அதே மொட்டை விரல்.

"லைன்ல எந்தப் புள்ள படத்த எடுத்தாலும் இந்தக் கை இருக்கு சார்."

சரஸ்வதியம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "புள்ள இல்லாதவ. கதவச் சாத்திட்டு உள்ள என்ன செய்யுறாளோ, யாரு கண்டா?"

சுஜினுக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் புகார் புகார்தான். கத்தரீனாள் தினக்கூலி. சூப்பிரண்டுக்கு நாலு வரி எழுதினால் நாளைக்கே வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எழுதுமுன் நாமும் பார்த்துவிடலாம் என்று, ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்ட பழைய படங்களை அலமாரியிலிருந்து எடுத்தான்.

வெளியே பனிமூட்டம் இறங்கி ஜன்னல் முழுக்க வெள்ளையாக நின்றது. ஒவ்வொரு படமாகக் கண்ணாடியில் சாய்த்து வைத்தான்.

அவன் சிரிப்பு நின்றுபோனது.

வேறு வேறு பெயர்கள், வேறு வேறு பிள்ளைகள். கை மட்டும் ஒன்றே. பழைய படங்களில் விரல்கள் மெலிந்து நேராக இருந்தன. வரவரக் கணுக்கள் தடித்து, எலும்பு வளைந்தது. எந்தப் பிள்ளைக்கும் மூன்று வயது தாண்டவில்லை. கைக்கு மட்டும் வயதாகிக்கொண்டே வந்தது.

கத்தரீனாளைக் கூப்பிட்டான். அவள் ஜன்னலைப் பார்த்ததும் கல்யாண ஃபோட்டோ பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தாய்மாரை ஏன் உள்ளே விடுவதில்லை என்று கேட்டான். அவள் சரஸ்வதியம்மாளிடம் திரும்பி, பையன் விழித்தால் பசிக்கும், கேன்டீனில் சூடாகப் பால் வாங்கி வாருங்கள் என்று அனுப்பிவைத்தாள். அந்த அம்மாள் படியிறங்கும்வரை காத்திருந்தாள்.

"நாள் கீள் தள்ளிப்போயிருக்காம்மா ஒனக்கு?"

மோனிஷாவின் கை தானாக வயிற்றுக்குப் போனது. "அவருக்கே இன்னும் சொல்லலக்கா" என்றாள்.

"எப்பிடிச் சொல்லுவ? கண்ணு பட்டுரும்னு மூணு மாசம் முடியாம லைன்ல எவளும் வாயத் தொறக்கமாட்டா. கர்ப்பமா இருந்தா சொல்லணும்னு வாசல்ல போர்டு தொங்குது. மாமியாரப் பக்கத்துல வச்சுக்கிட்டு எவ சொல்லுவா? நானும்தான் சொல்லல. அக்கா மகன நான்தான் இதே ரூம்ல பிடிச்சுக்கிட்டு நின்னேன். வயித்துல இருந்தது தங்கல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு டாக்டர் சொன்னாரு. மனசு கேக்கணுமே."

"அதுக்காக எல்லாரையுமா தள்ளுறது?" என்றான் சுஜின்.

"எவ வயித்துல இருக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும் சார்? அதான் எல்லாரையும் தள்ளுறேன்."

"அப்ப நீங்க?"

"எனக்கு அப்பவே கர்ப்பப்பைய எடுத்தாச்சு. பூட்டின வீடு. உள்ள யாரு இருக்கா?"

சுஜின் தன் சட்டைக் காலரில் குத்தியிருந்த பேட்ஜைப் பார்த்தான். ஒரு படத்தின் கதிர்வீச்சில் ஒன்றுமில்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினாலும் ஆயுசு முழுக்கக் கூடிக்கொண்டே போகும். அதை அளக்கத்தான் இந்த பேட்ஜ். உங்களுக்கு ஒன்று தரவில்லையா என்று கேட்டான்.

"அது மிஷின் ஓட்டுறவங்களுக்கு. நான் ஆயாதான."

அவன் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நிற்பவன். அங்கேயும் ஈய ஏப்ரனைக் கழற்றாமல் நின்றவன். இவள் நூல் சேலையோடு உள்ளே நின்றிருக்கிறாள். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

வெளியே இன்னொரு பிள்ளை அழும் சத்தம் கேட்டது. கத்தரீனாள் பழக்கதோஷத்தில் கதவைப் பார்த்து நடந்தாள். சுஜின் அவளை நிறுத்தி, தான் போட்டிருந்த ஏப்ரனைக் கழற்றி அவள் தோளில் மாட்டினான்.

"வேண்டாம் சார். இங்க இது ஒண்ணுதான் இருக்கு. ஒங்களுக்கு ஏதாச்சும் ஆயிரப் போவுது" என்று அவள் பதறினாள்.

அதற்குள் கதவுக்கு வெளியே, உள்ளே வரத் துடித்த அந்தப் பிள்ளையின் தாயைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள் மோனிஷா.