ஒரு கைக்குப் பத்து

பரிசல் மூன்றாவது முறையாக அந்தச் சேற்றுமேட்டைச் சுற்றி வருகிறது. பெனாசிர் இன்னும் கிடைக்கவில்லை. பறவைக் கணக்கு எழுதிய நோட்டை யாருக்கும் தெரியாமல் துப்பட்டாவுக்குள் மறைத்து வைத்திருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்தே இந்த அணைக்கு நாங்கள் ஜோடியாகத்தான் பறவை எண்ண வருவோம். அவள் முன்னால் போய்ப் பார்ப்பாள். நான் கரையில் நின்று குறித்துக்கொள்வேன். பேச்சுக் குரல் கேட்டால் நாரைகள் பறந்துவிடும் என்பதால் எங்களுக்குள் கைச்சாடைதான். ஒரு கை தூக்கினால் பத்து.

இன்று காலை எதிரே இருப்பது தெரியாத மூடுபனி.

"உன் வாய்க்கு ஒரு பறவையும் நிக்காதுடி. இன்னைக்கு மூச்சு விடக்கூடாது, சொல்லிட்டேன்" என்றேன்.

"நீ மொதல்ல ஒழுங்கா எழுதுடி" என்று சிரித்துவிட்டுச் சேற்றில் இறங்கினாள்.

பனிக்குள் வெறும் நிழலாகத்தான் தெரிந்தாள். ஒரு கை உயர்ந்தது. பத்து நாரை என்று எழுதினேன். மறுபடி உயர்ந்தது, அடித்துவிட்டு இருபது என்று எழுதினேன். பிறகு இரண்டு கைகளையும் வேகவேகமாக ஆட்டினாள். சந்தோஷத்தில் ஆடுகிறாள் என்று நினைத்து நானும் பதிலுக்குக் கையாட்டினேன்.

பனி விலகியபோது அந்தப் பக்கம் ஒரு பறவைகூட இல்லை. அவளும் இல்லை.

அவளுடைய அத்தா இப்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். என் தலையில் கை வைத்து மெதுவாகக் கேட்கிறார்.

"பயப்படாதம்மா. கடைசியா நீ பாக்கும்போது எம்புள்ள என்ன செஞ்சிக்கிட்டிருந்தா?"