முக்கால் அங்குலம்

முதல் குத்து ஆர்விலின் மூக்கில் விழுந்தது. அடுத்து டிரக்கின் கதவு, அவருடைய இடதுகைச் சுண்டுவிரலை இடுக்கிக்கொண்டு அறைந்து சாத்தப்பட்டது.

"இது என் பொண்டாட்டி வண்டிதானே? எப்ப எடுக்க வரா?" என்றான் டுவெய்ன், கதவிலிருந்து கையை எடுக்காமல்.

"பன்னெண்டு மணிக்கு... விடுப்பா, விரல் போச்சு!"

கதவை விட்டான். அறுபத்தெட்டு வயது மெக்கானிக் தன் பட்டறைத் தரையிலேயே மண்டியிட்டார். இந்த மொன்டானா ஊரில் அவர் கை படாத வண்டி கிடையாது, அந்தக் கையைத்தான் இவன் நசுக்கியிருந்தான்.

மூன்று வாரத்துக்கு முன்பு மனைவி லோரீனின் தாடையை உடைத்துவிட்டுத் தலைமறைவானவன் டுவெய்ன். ஷெரிஃபின் ஆட்கள் மலையெல்லாம் அவனைத் தேட, அவன் லோரீனைத் தேடிக்கொண்டிருந்தான். இந்தமுறை தாடையோடு விடுவதாக இல்லை.

வண்டியைச் சுற்றி வந்தான். சின்ன ரகப் பிக்கப். பின்கதவைக் கழற்றிவிட்டு, தொட்டிக்குள் ஒரு கேம்பரை இறக்கி வைத்திருந்தார்கள். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, பின்னால் ஒரு கதவு, அவ்வளவுதான் வீடு. இதை எடுத்துக்கொண்டு ஆரெகனில் இருக்கும் அக்காவிடம் போய்விட அவள் திட்டம் போட்டிருப்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும்.

"இத்துனூண்டு வண்டி இம்மாம் பெரிய பெட்டியச் சுமக்குமாடா, கெழவா?"

"சுமக்க வச்சிருக்கேன். கெட்டி டயர் மாத்தி, கமான் பட்டைக்கு முட்டுக் குடுக்கக் காத்துப்பை வச்சு, நாலு மூலையிலயும் கொக்கி போட்டிருக்கேன். இதுக்கு மேல தாங்காது. அந்தப் பொண்ணும் அது சட்டி பானையும்தான் கணக்கு."

"எனக்கே பாடம் எடுக்குறியா?"

கையிலிருந்த இரும்புத் தடியால் விலாவில் ஒன்று போட்டான். ஆர்வில் சுருண்டு விழும்போது பின்சக்கரத்தின் மட்கார்டைப் பிடித்தார். அங்கே சாக்குக்கட்டியில் 'முப்பத்தெட்டரை அங்குலம்' என்று எழுதி, தரையை நோக்கி ஒரு அம்புக்குறி போட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் அவருடைய ரத்தம் இழுபட்டது. மெக்கானிக்குகள் எதையாவது கிறுக்கிக்கொண்டேதான் இருப்பார்கள். டுவெய்ன் அந்த ரத்தத்தை மட்டும் தன் கையுறையால் துடைத்தான்.

அவளை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் எதிரே காப்பிக்கடை, மத்தியானக் கூட்டம் நிரம்பி வழிகிறது. ஆரெகன் போகிற வழியில் வரும் மலைக் கணவாயில் கத்தினாலும் கேட்க ஆளில்லை. அங்கே அவள் எப்படியும் வண்டியை நிறுத்துவாள்.

"நான் இதுக்குள்ள இருக்கப்போறேன். அவகிட்ட மூச்சு விட்டே, திரும்பி வருவேன். இன்னும் ஒம்போது விரல் மிச்சம் இருக்கு உனக்கு. போய் மூஞ்சியக் கழுவு."

"அதுல ஏறாத, தம்பி. சொன்னாக் கேளு."

"பாரேன், உசுரு போற நேரத்துலயும் வண்டி மேல அக்கறை!" சிரித்துக்கொண்டே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, தடியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தான். முதலில் முழங்கால், அப்புறம் ஓட மாட்டாள். கட்டினவளை அடிப்பதைத் தவிர வேறு எந்தக் காரியத்திலும் அவன் இவ்வளவு பொறுமையாக யோசித்ததில்லை, நாசமாய்ப் போகிறவன்.

சரியாகப் பன்னிரண்டுக்கு லோரீனின் குரல் கேட்டது. தாடையைக் கம்பியால் கட்டியிருந்ததால் பேச்சு பல்லிடுக்கில் கசிந்து வந்தது.

"ஐயோ, ஆர்வில்! கைக்கு என்னாச்சு?"

"ஜாக்கி நழுவிடுச்சும்மா."

டுவெய்ன் உள்ளே இளித்தான். ஒரு விரலுக்கே கிழவன் பெட்டிப்பாம்பாகிவிட்டான்.

பின்சக்கரத்தருகே அவள் அளவு டேப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. டேப் சுருண்டு, மறுபடியும் ஒருமுறை இழுபட்டது. அவன் தடியை இறுக்கிப் பிடித்தான்.

"தண்ணித் தொட்டிய ரொப்பிட்டீங்களா?"

"இல்லம்மா. காலி."

"கேஸ் சிலிண்டர்?"

"அதுவும் இன்னும் வைக்கல."

"சரி. போற வழியில நான் பாத்துக்குறேன்."

மூலைக்கு மூலை போய்க் கொக்கிகளை இறுக்கினாள். கிர்ர், கிர்ர் என்று நான்குமுறை கேட்டது. கடைசியாகக் கதவுக்குப் பக்கத்தில் 'க்ளிக்' என்று இன்னொரு சத்தம்.

"கைய உடனே டாக்டர்கிட்டக் காட்டுங்க," என்றாள். வண்டி கிளம்பியது.

கணவாய்க்கு ஒரு மணி நேரமாவது ஆகும் என்று டுவெய்ன் காலை நீட்டினான். ஆனால் வண்டி இரண்டு திருப்பம் திரும்பி, ஐந்தே நிமிடத்தில் நின்றது. எஞ்சினும் அணைந்தது.

திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தான். செங்கல் சுவர், ஏதோ ஒரு கட்டடத்தின் பின்பக்கம். ஆள் அரவமே இல்லை. கணவாய் எதற்கு, இதுவே போதும்! தடியை ஓங்கிக்கொண்டு கதவைத் தள்ளினான்.

கதவு அசையவில்லை. எட்டி உதைத்தான். வெளியே பூட்டு ஆடிய சத்தம் மட்டும் கேட்டது.

மறுபடி உதைக்கக் காலைத் தூக்கியபோது, சரளைக்கல்லில் பூட்ஸ் கால்கள் வந்து வண்டியைச் சூழ்ந்துகொண்டன. நாலு பேர், ஐந்து பேர் இருக்கும். அவர்களுக்கு நடுவே, பல்லிடுக்கில் கசிந்த அந்தக் குரல் நிதானமாகச் சொன்னது:

"காலி வண்டி முக்கா அங்குலம் எறங்கியிருக்கு, ஷெரிஃப். நான் ஏத்தாத சுமை, நீங்களே எறக்கிக்குங்க."