முதுகை மட்டும் பார்த்து

அவள் அவருடைய முதுகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மேடையின் பின்திரையில் ஒரு கிழிசல். நாலு விரல் அகலம்தான் இருக்கும். அது வழியாகத் தெரிந்ததெல்லாம் ஒரு சந்தன நிற ஜிப்பா, அங்கவஸ்திரத்தின் ஜரிகை, நரைத்த பிடரி.

முன்னால் நானூறு பேர். அவளுக்கு ஒரு முகம்கூடத் தெரியவில்லை.

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரைச் சபை நடுவில் போட்டால்தான் சபைக்குக் கேட்பது அவளுக்கும் கேட்கும். சபா காரியதரிசி அந்த இடத்தில் சோபா போட்டுவிட்டார். "போட்டோல ஒயரும் டப்பாவுமா அசிங்கமா விழும்மா" என்று சொல்லி, ரெஜினாவையும் மிக்ஸரையும் மேடைக்குப் பின்னால், உடைந்த நாற்காலி அடுக்கிய அறைக்குள் தள்ளிவிட்டார். சோபாவில் உட்கார வேண்டியவர் இன்னும் வரவில்லையாம். நல்ல நியாயம்.

ஸ்பீக்கர்களுக்குப் பின்பக்கம் அது. பாட்டு அங்கே பாட்டாக வராது. கும் கும் என்று சுவர்தான் அதிரும்.

அதனால் ஹெட்போன். அதில் பாடுகிறவர் குரல் மட்டும். சபைக்குப் போகும் சத்தத்தை ஃபேடரில் ஏற்றினாலும் இறக்கினாலும் மைக்கிலிருந்து நேராக அவள் காதுக்கு.

சாரநாதனுக்கு அறுபத்திரண்டு வயது. தொண்டையில் கத்தி வைத்து எட்டு மாதம் ஆகிறது. இன்றுதான் திரும்ப மேடை ஏறியிருக்கிறார்.

கீழே எல்லாம் பழையபடி இருக்கிறது. மேல் ஸ்தாயியில் காந்தார ஸ்வரம்தான் பிடி கொடுக்கவில்லை. மத்தியானம் ஒத்திகையில் மூன்று முறை போனார். மூன்று முறையும் குரல் இரண்டாகக் கிழிந்தது.

அப்புறம் மிக்ஸர் பக்கம் வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்த இடம் வரச்சே பிடிலை ஏத்திடு. என்னை அமுக்கிடு."

பன்னிரண்டு வருஷமாக அவருக்கு மைக் வைக்கிறாள். இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. சரி சார் என்றாள். வேறென்ன சொல்ல?

இப்போது கல்யாணி ராகத்தில் நிரவல். ஒரே வரியை அவர் ஒரு சுற்றுப் பாடுவார். அப்போது கூடவே வரும் பிடில், பிறகு தனியாக ஒரு சுற்றுப் பதில் சொல்லும். ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னும் கொஞ்சம் மேலே.

குரல் கிழிந்த பிறகு இறக்கிப் பிரயோஜனமில்லை. அதற்குள் சபைக்குக் கேட்டிருக்கும். முன்னாலேயே இறக்க வேண்டும்.

முன்னாலேயே என்றால், எப்போது?

அதை அந்த முதுகுதான் சொல்ல வேண்டும்.

இடது தோள் லேசாக ஏறியது.

பிடிலை மேலே தள்ளினாள். குரலைக் கீழே இழுத்தாள்.

ஹெட்போனில் காந்தாரம் வந்து நின்றது.

முழுசாக. ஒரு கீறல்கூட இல்லாமல்.

வெளியே கைதட்டல். பிடிலுக்கு.

எட்டு மாதம் கழித்து வந்த ஸ்வரம். தன் கையாலேயே மூடிவிட்டாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ரெக்கார்டிங்கிலும் பிடில்தான் இருக்கும். இந்த உலகத்தில் அதைக் கேட்டது அவள் ஒருத்தி.

அவருக்கே கேட்டிருக்காது. அவர் எதிரே இருந்த சின்ன ஸ்பீக்கரிலும் அவள் பிடிலைத்தானே ஏற்றியிருந்தாள்.

பிடிலின் முறை. சாரநாதன் தாளத்தை விடாமல் பின்னால் சாய்ந்தார். அவர் தலை திரையைத் தொட்டது.

"கிழிஞ்சுதா?"

அவள் ஹெட்போனை நகர்த்திவிட்டுக் கிழிசலில் வாயை வைத்தாள். "இல்ல சார். வந்துருச்சு. சுத்தமா வந்துச்சு."

"நன்னா இரும்மா" என்றார்.

நம்பவில்லை. டாக்டர், சிஷ்யர்கள், வீட்டில் மனைவி என்று எட்டு மாதமாக எல்லோரும் சொன்ன ஆறுதலோடு அவளுடையதையும் சேர்த்துக்கொண்டார். அவருக்காக மறைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டவள் சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

பிடில் முடியப் போகிறது.

சபைக்குப் போகும் சத்தத்தில் அவள் கை வைக்கவில்லை. வாக்கு வாக்குதான். அவருடைய சின்ன ஸ்பீக்கரில் மட்டும் பிடிலை அடியோடு எடுத்தாள். அவருக்கு அவர் குரல் மட்டும் கேட்கட்டும். கிழிந்தாலும் அவருக்கு மட்டும்.

தோள் ஏறியது. ஏற்கெனவே பேசியபடி சபைக்குப் பிடிலை ஏற்றினாள், குரலை இறக்கினாள்.

காந்தாரம் வந்தது. நின்றது. இன்னும் நின்றது.

தாளம் போட்ட வலது கை அந்தரத்தில் நின்றுவிட்டது. ஒரு அடி போய்விட்டது. மிருதங்கக்காரர் திரும்பிப் பார்த்தது கிழிசலின் ஓரத்தில் தெரிந்தது. சாரநாதன் தாளம் தப்பி அவரும் பார்த்ததில்லை போலிருக்கிறது.

மறுபடியும் கைதட்டல். மறுபடியும் பிடிலுக்கு.

அவர் பின்னால் சாயவில்லை. பிடில் தன் சுற்றை வாசித்துக்கொண்டிருந்தது. இடது கை மெதுவாக முதுகுப்பக்கம் வந்தது. சபைக்குத் தெரியாத இடம். அவளுக்கு மட்டும் தெரிகிற இடம்.

ஒரு விரல். மேலே.

எத்தனையோ கச்சேரியில் எத்தனையோ பேர் காட்டிய சைகைதான். ஏற்று.

மாதாவே என்றாள். சத்தமாகவே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது.

பிடில் தன் சுற்றை முடித்தது. அதை இறக்கினாள். அவர் குரலைச் சபை முழுக்கத் திறந்துவிட்டாள். இனி எது வந்தாலும் நானூறு பேருக்கும் கேட்கும்.

அவர் மூச்சை இழுப்பது காதில் கேட்டது.

ஃபேடரிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.