வடையைத் தொடாத மாப்பிள்ளை

பெண் பார்க்க வந்த இளம்பரிதி வடைத் தட்டைத் தொடவே இல்லை. செவ்வந்தியின் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"பொண்ணு பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லிர வேண்டியதுதான தம்பி?"

"ஐயோ, பிடிச்சிருக்கு அத்தை. எனக்கு ஆபரேசன் பண்ணி மலைப்பாம்புக் குடல் வச்சிருக்கு. ஆழ்கடல் வேலைக்காரங்க எல்லாருக்கும் அதுதான். மாசம் ஒரு வேளைதான் சாப்பாடு."

"ஒரே ஒரு வடைதான!"

"ஒண்ணு உள்ள போனாலே குடல் முழிச்சிக்கிடும். அமினோ அமிலம் உறிஞ்சுறதுக்காக ரெண்டு மடங்கா வீங்கும். அஞ்சு கிலோ கறி கேக்கும். பெறகு நாலு நாள் வெயில்ல படுத்தாத்தான் செரிக்கும்."

செவ்வந்திக்கு ஆர்வம் தாங்கவில்லை. "அப்போ கல்யாணத்துக்கு அப்புறம் நாம சேர்ந்து சாப்பிடுறது வருசத்துக்குப் பன்னிரண்டு தடவைதானா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆமா. இதைக் கேட்டுத்தான் மூணு இடத்துல வேண்டாம்னுட்டாங்க."

அம்மா தட்டை எடுக்கக் கையை நீட்டினாள். சம்பந்தம் முறிந்தது என்று எல்லோருக்கும் புரிந்தது. அந்த நொடியில் அவன் ஒரு வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

பத்து நிமிடத்தில் அவன் முகம் சிவந்து, வயிறு கடகடவென்று உருள ஆரம்பித்தது. அப்பா கறிக்கடைக்கு ஓடினார். கறி வெந்ததும் செவ்வந்தி அவனுக்கு எதிரே தனக்கும் ஓர் இலை போட்டுக்கொண்டாள்.

பிறகு மொட்டை மாடி வெயிலில் பாய் விரித்து அவனைப் படுக்க வைத்தாள். அம்மா படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏட்டி, மாப்பிள்ளை எப்ப எந்திரிப்பாரு?"

"வியாழக்கிழமைம்மா. அதுக்குள்ள பத்திரிகை அடிச்சிரலாம்."