குளிர் விடட்டும்

"மதினி, நில்லுங்க. பையில என்ன?"

அசன் மைதீனின் கறிக்கடைப் படியிலிருந்து பிரம்மநாயகி இறங்கியதை வண்ணார்பேட்டையின் அந்தத் தெருவே பார்த்தது. நெற்றி நிறையத் திருநீறு. கையில் மஞ்சள் பை. பையிலிருந்து ஈரம் சொட்டியது.

கடை ஃப்ரிட்ஜைத் திறந்து அவன் எதையோ எடுத்துக் கொடுத்ததை, எதிர்சாரியில் நின்ற கொழுந்தன் நமச்சிவாயம் கண்ணால் பார்த்துவிட்டார்.

"சம்படம்" என்றாள், நிற்காமல்.

"சம்படத்துக்குள்ள?"

"வீட்டுக்கு வாங்க. நடுத்தெருவில தொறக்க முடியாது."

நமச்சிவாயம் பின்னாலேயே போனார். எப்படியும் போக வேண்டியதுதான். கறிக்கடையைக் காலி செய்யச் சொல்லும் மனு அவர் கையில் இருந்தது. தெருவே கையெழுத்துப் போட்டாயிற்று. கடையை ஒட்டின வீட்டுக்காரி பிரம்மநாயகி போடாமல் மனு எடுபடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

சமையல்கட்டு மேடையில் எவர்சில்வர் சம்படம் முத்துமுத்தாக வேர்த்து நின்றது. நமச்சிவாயம் மூடியில் கை வைத்தார். பிரம்மநாயகி தட்டிவிட்டாள்.

"தொறக்காதிய! குளிர் விடட்டும்."

"குளிர் விட்டா நாறிரும்."

"நாறாது."

"அண்ணன் போயி ரெண்டு வருசங்கூட ஆகல. சைவக் குடும்பம். ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். ஆடிப்பட்டத்துல ஊருக்கு வேற சோலி இல்ல போல."

"மொதல்ல இதுல கையெழுத்தப் போடுங்க. அப்புறம் எதை வேணும்னாலும் தின்னுங்க."

"போட மாட்டேன்."

"என்னது?"

"போட மாட்டேன்னேன். தெருவே போட்டாலும் நான் போட மாட்டேன்."

சம்படத்தில் வேர்வை காய்ந்திருந்தது. துண்டால் ஒரு தரம் துடைத்துவிட்டுத் திறந்தாள். நமச்சிவாயம் மூக்கைப் பொத்திக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

உள்ளே சின்னச் சின்னப் பொட்டலங்கள். கத்தரி, அவரை, புடலை.

"விதையா!"

"உங்க அண்ணன் எடுத்து வச்ச விதை. குளுந்திருக்கையில தொறந்தா ஈரம் கோத்துப் பாழாயிரும்."

ஒரு சிட்டிகை கத்தரி விதையை நீர்மோரில் ஊறப் போட்டாள்.

நமச்சிவாயத்துக்கு உயிர் வந்தது. சிரித்தார். "இதுக்குப் போயா கறிக்கடைப் படியேறணும்? எங்க வீட்டு ஃப்ரிட்ஜில வச்சிருக்கப்படாதா, மதினி?"

"கேட்டேனே, கொழுந்தனாரே. வெள்ளத்துல என் ஃப்ரிட்ஜு மெதந்தப்ப, இந்தச் சம்படத்தோட மொதல்ல உங்க வாசல்லதான் வந்து நின்னேன். அண்ணன் செத்துப் பதினாறு கழியல, சாவு விழுந்த வீட்டுச் சாமான் உள்ள வரப்படாதுன்னு கதவைச் சாத்தினிய."

நமச்சிவாயத்தின் சிரிப்பு நின்றது.

மனுவை மடித்து அவர் சட்டைப்பையிலேயே திணித்தாள்.

"ஆச்சி, இங்கன வைங்கன்னு சொல்லி, இருந்த கறியை எடுத்துட்டு மேல்தட்டைக் கழுவிக் கொடுத்தான் அசன் மைதீன். இன்னைக்கு வரைக்கும் அந்தத் தட்டுல அவன் கறி வைக்கல."